ஏமாற்றிய காதல் நாவலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி? இளையோர் நாவல்களையும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு சிறிய வாடகை நூலகத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என்னிடமிருந்து வெளியே போகும் நூல்களில் பெரும்பகுதி காதல் நாவல்களும் குடும்ப நாவல்களும்தான். அண்மைக் காலமாக மேல்நிலை வகுப்பு மாணவிகள் இளையோர் நாவல்களையும் தேடி வருகிறார்கள். நூலைத் திருப்பிக் கொடுப்பவர்கள் சொல்லும் கருத்தை ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். பிடிக்காத நூல்களைப் பற்றி அந்த நோட்டில் இருப்பவை பெரும்பாலும் மூன்றே சொற்கள்: "நல்லா இல்லைங்க", "இழுவை", "ஏமாத்திட்டாங்க". எது இழுத்தது, எங்கே ஏமாற்றியது என்று கேட்டால் பதில் வராது.

ஒரு நாள், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் பெண் ஒருத்தி நூலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "ஏக்கா, 110ஆம் பக்கத்துலயே அவன் அவங்க அம்மாகிட்ட உண்மையச் சொல்லிட்டான். அப்புறம் எதுக்குக்கா இன்னும் 80 பக்கம் அந்தப் பொண்ணு அழுதுட்டே இருக்குது?" என்று கேட்டாள். என் நோட்டில் பதிவான முதல் உண்மையான மதிப்புரை அதுதான் என்பேன். அவள் எந்த இடத்தில் கதை நின்றது என்று காட்டினாள், ஏன் நின்றது என்றும் காட்டினாள். ஏமாற்றம் தரும் நாவலைப் பற்றி எழுத விரும்புகிறவர் செய்ய வேண்டிய வேலை இதுவே: நூல் நமக்கு எதைத் தருவதாகச் சொன்னது, எந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கைவிட்டது என்று கண்டுபிடிப்பது. இந்த வழிகாட்டியின் படிகள் அனைத்தும் அந்த ஒரு வேலைக்காகவே.

முதல் படி: நூல் கொடுத்த வாக்கை முன்னதாக எழுதிக்கொள்ளுங்கள்

நாவலைத் திறப்பதற்கு முன் அட்டைப்படத்தையும் பின்னட்டை வாசகத்தையும் பாருங்கள். பிறகு முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். இந்த நாவல் எனக்கு என்ன தரப்போவதாகச் சொல்கிறது என்று ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதுங்கள். கொலுசுப் பட்டறைப் பெண் கேள்வி கேட்ட அந்த நாவலுக்கு நான் எழுதிய சீட்டு இது: "ஏற்காட்டில் கடனில் மூழ்கிய காப்பித் தோட்டம். அதை மீட்க வரும் மகள். அதை விலைக்குக் கேட்கும் பக்கத்துத் தோட்டக்காரன். பகை காதலாகும், தோட்டமும் பிழைக்கும்." நாவலை முடித்த பிறகு இந்தச் சீட்டை எழுதினால் பயனில்லை, ஏனென்றால் அதற்குள் நம் கோபம் நம் எதிர்பார்ப்பையே மாற்றி எழுதிவிடும்; நூல் ஒருபோதும் சொல்லாத ஒன்றை அது தரவில்லை என்று குற்றம் சாட்டத் தொடங்கிவிடுவோம்.

இரண்டாம் படி: பக்க எண்களைச் சேர்த்து வையுங்கள்

வாசிக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் பக்க எண்களை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். இரவல் நூலில் பென்சிலால் கோடு போடாதீர்கள். இது மதிப்புரையாளருக்கான அறிவுரை என்பதைவிட நூலகக்காரியின் வேண்டுகோள். சீட்டில் எனக்கு மூன்று குறிகள் போதும். மனம் ஒன்றிய இடத்துக்கு ஒரு சுழி, மனம் விலகிய இடத்துக்கு ஒரு கோடு, நம்ப முடியாத இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. நாவலைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தீர்களென்றால் அந்தப் பக்க எண்ணையும் தவறாமல் எழுதுங்கள், ஏனென்றால் அது மூளை யோசிப்பதற்கு முன்பே கை சொல்லிவிட்ட தீர்ப்பு.

முடித்த பிறகு சீட்டைப் பார்த்தால் ஒரு படம் தெரியும். முதல் 60 பக்கத்தில் சுழிகள் நிறைந்து, 110க்குப் பிறகு வெறும் கோடுகள் என்றால் அந்த நாவலின் நோய் ஓரிடத்தில் தொடங்கியிருக்கிறது. முதல் பக்கத்திலிருந்தே கோடுகள் என்றால், ஒருவேளை நீங்கள் தவறான நூலை எடுத்துவிட்டீர்கள்.

மூன்றாம் படி: ஆறப் போடுங்கள்

இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளில் உங்களிடமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிழை நூலுடையதா, என்னுடையதா? மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய், வீட்டை விட்டு ஓடும் காதலர் கதையை வாசித்துச் சினம் கொள்வது இயல்பு. நாற்பது வயதுக்காரர் பதினாறு வயதுப் பெண்ணின் தன்வரலாற்று நடையில் எழுதப்பட்ட நாவலைப் பார்த்து "சிறுபிள்ளைத்தனம்" என்று சொல்வதும் இயல்பே. இரண்டும் வாசகரைப் பற்றிய செய்திகள், நூலைப் பற்றியவை அல்ல. அப்படிப்பட்ட எரிச்சலை மதிப்புரையிலிருந்து முழுதும் நீக்க வேண்டியதில்லை. "என் வயதும் இதற்குக் காரணமாக இருக்கலாம்" என்று ஒரு வரியில் ஒப்புக்கொண்டால் வாசகர் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்வார்.

நான்காம் படி: வகையின் நியதியைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்

காதல் நாவலுக்கென்று ஒரு நியதி உண்டு. 1980இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இதை இரண்டு கூறுகளாக வரையறுத்தது: கதையின் மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். எனவே "கடைசியில் இருவரும் சேரத்தான் போகிறார்கள் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது" என்பது காதல் நாவலின் மேல் வைக்கத் தகுந்த குற்றச்சாட்டு அன்று. கூத்துப் பார்க்கப் போகிறவர் அருச்சுனன் தவம் செய்து பாசுபதம் பெறுவான் என்று தெரிந்துகொண்டுதான் போகிறார். எப்படிப் பெறுகிறான் என்பதில்தான் இரவெல்லாம் விழித்திருக்கும் காரணம் அடங்கியிருக்கிறது. அதேபோல இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள், அந்தச் சேர்க்கைக்கு அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள், கொடுத்தது நம்பும்படி இருந்ததா என்பவைதான் உங்கள் கேள்விகள்.

நாம் இந்தக் கணக்கைப் புதிதாக இறக்குமதி செய்யத் தேவையில்லை. தொல்காப்பியம் காதலைக் களவு (மணத்துக்கு முந்தைய மறைவான காதல்), கற்பு (மணவாழ்வு) என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நிகழ்ச்சிகளை வகுத்திருக்கிறது. இன்றைய நாவல்களில் பல, களவைச் செல்லமாக வளர்த்துவிட்டுத் திருமணத்துக்குப் பின் என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடுகின்றன. தலைகீழாக, கட்டாயத் தாலியிலோ அக்ரிமென்ட் கல்யாணத்திலோ தொடங்கும் கதைகள் கற்பிலிருந்து களவை நோக்கிப் பின்னால் நடக்கின்றன. அந்தப் பின்னோக்கிய நடையில் சுவையும் உண்டு. கால் இடறுவதும் அதிகம்.

ஐந்தாம் படி: குற்றத்துக்குப் பெயர் வையுங்கள்

என் அனுபவத்தில் இந்தப் படியில்தான் மதிப்புரை பிழைக்கும் அல்லது சாகும். "நல்லா இல்லை" என்பதைத் துல்லியமாக்கப் புதுச் சொற்களைத் தேடி அலைய வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலுக்கு நேரக்கூடிய பத்துக் குற்றங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. இலக்கண நூலுக்காகச் சொன்னவை காதல் நாவலுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது எனக்கு இன்றும் வியப்புதான்.

குன்றக் கூறல் என்பது வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. நாயகன் ஏன் பெண்களை வெறுக்கிறான் என்பதற்கு 150ஆம் பக்கத்தில் "அவன் கடந்த காலம் அப்படி" என்று ஒரே வரி வருமானால் இந்தப் பெயரைச் சொல்லலாம். மிகைபடக் கூறல் எல்லோருக்கும் தெரிந்தது. நாயகனின் தோள் அகலத்துக்கும் கண்களின் கூர்மைக்கும் ஒவ்வோர் அத்தியாயத்திலும் அரைப் பக்கம் ஒதுக்குவது. மாறுகொளக் கூறல் முரண்பாடு. பொறியியல் பட்டம் பெற்று வெளிநாட்டில் தனியே வாழ்ந்த நாயகி, ஊருக்குத் திரும்பியதும் வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாமல் நாயகனின் உதவிக்குக் காத்து நிற்பாள். மற்றொன்று விரித்தல், துணைக் கதாபாத்திரமாக வரும் நண்பனின் காதலை நடுவில் 40 பக்கம் வளர்ப்பது. தொடர்நாவலின் அடுத்த பாகத்துக்கு விதை போடுகிறார்கள் என்பது அனுபவப்பட்ட வாசகருக்கு உடனே விளங்கும்.

கூறியது கூறலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று அச்சில் வரும் காதல் நாவல்களில் கணிசமானவை முதலில் செல்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதப்பட்டவை. "அடுத்த யூடி எப்போ?" என்று (யூடி என்றால் அப்டேட், அதாவது புது அத்தியாயம்) வாசகர்கள் காத்திருக்க, வாரம் இரண்டு முறை எழுதப்படும் கதையில் ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்திலும் முன்கதையை நினைவூட்டுவது தேவையாகிறது, ஒவ்வொரு முடிவிலும் ஒரு அதிர்ச்சியை வைப்பதும் தேவையாகிறது. அதை அப்படியே கட்டி நூலாக்கினால், ஒரே இரவில் வாசிப்பவருக்கு அதே நினைவூட்டல் முப்பது முறை வரும். இதை எழுதும்போது "ஆசிரியருக்கு எழுதத் தெரியவில்லை" என்று முடித்துவிடாதீர்கள். தொடருக்குச் சரியாக இருந்த உத்தி நூலுக்குள் ஏன் சோர்வு தருகிறது என்று விளக்கினால், அடுத்த பதிப்பில் அவர் வெட்டவும் கூடும்.

பத்தில் எனக்கு மிகவும் பயன்படுவது சென்று தேய்ந்து இறுதல். நன்றாகத் தொடங்கி, போகப்போகத் தேய்ந்து, இல்லாமலே போவது. கொலுசுப் பட்டறைப் பெண் சொன்னது இதைத்தான். நாயகனும் நாயகியும் பிரிந்திருக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் தீர்ந்த கணத்தில் கதையும் தீர வேண்டும், அல்லது அதைவிட வலுவான காரணம் ஒன்று பிறக்க வேண்டும். இரண்டும் நடக்காமல் பக்கங்கள் மட்டும் தொடர்ந்தால் நாயகிக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. ஏமாற்றம் தரும் காதல் நாவலை எடுத்து, பிரிவின் காரணம் எந்தப் பக்கத்தில் தீர்ந்தது என்று மட்டும் தேடிப் பாருங்கள். பல சமயம் மதிப்புரையின் முதுகெலும்பு அங்கேயே கிடைத்துவிடும்.

ஆறாம் படி: மலையைச் சரிபாருங்கள்

இது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சற்றுக் கூடுதல் உரிமையுள்ள படி. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கென மரபு வகுத்த காதல் ஒழுக்கம், புணர்தல். காதல் கதைக்கு ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைத் தேடி வரும் எழுத்தாளர்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்த மரபின் வழியில்தான் வருகிறார்கள். வரட்டும். ஆனால் முதற்பொருளும் (நிலமும் பொழுதும்) கருப்பொருளும் (அங்குள்ள செடி கொடி, தொழில் போன்றவை) பிசகினால் உரிப்பொருளும் ஆட்டம் காணும்.

நான் சொல்லிக்கொண்டிருக்கும் நாவலில் நாயகி ஏற்காடு ரயில் நிலையத்தில் இறங்குகிறாள். ஏற்காட்டுக்கு ரயில் பாதையே கிடையாது. சேலத்தில் இறங்கி, அடிவாரம் வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் ஏற வேண்டும். இல்லையென்றால் குப்பனூர் வழியாகச் சுற்றி வர வேண்டும். அடுத்த அத்தியாயத்தில் டிசம்பர் மாதக் குளிரில், பழம் பறித்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு நடுவே, காப்பிப் பூவை நாயகியின் கூந்தலில் சூட்டுகிறான் நாயகன். காப்பிச் செடி பூப்பது கோடை மழைக்குப் பிறகு. மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று விழுந்தால் ஏறத்தாழ பத்து நாளில் தோட்டம் முழுதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகும்; மல்லிகையை ஒத்த வாசனை சாலை வரை வரும்; இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கிச் சனவரி வரை செல்லும். இன்னோரிடத்தில் நாயகனின் குடும்பம் "நானூறு ஆண்டுகளாக" அங்கே காப்பி பயிரிடுவதாக வருகிறது. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில்.

இத்தகைய பிழைகளை எல்லாம் வரிசையாக அடுக்கிக் கேலி செய்வது எளிது. நானும் ஒரு முறை அப்படிச் செய்து, பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்தேன். பிழை காதலைப் பாதித்ததா என்று பார்த்த பிறகே எழுதுங்கள். ரயில் நிலையம் ஒரு வரியில் கடந்து போவது, சுட்டிக்காட்டினால் போதும். காப்பிப் பூவின் விஷயம் வேறு. ஆண்டில் மூன்றே நாள் இருக்கும் பூ அது. அந்த நாவலாசிரியர் அதை அறிந்திருந்தால், மழைக்காகக் காத்திருக்கும் தோட்டமும், மழை வருமா என்ற கவலையும், பூத்த மூன்று நாளுக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டிய இருவரும் என்று கதைக்கு ஓர் உயிர்நாடியே கிடைத்திருக்கும். தெரியாமை இங்கே ஒரு காட்சியை மட்டுமல்லாமல் நாவலின் நல்வாய்ப்பையே தின்றுவிட்டது. மதிப்புரையில் இப்படி எழுதினால் ஊர்ப் பெருமை பேசியது போல இராது.

ஏழாம் படி: வற்புறுத்தும் நாயகனைப் பற்றி நேராகப் பேசுங்கள்

ஆன்ட்டி ஹீரோ கதைகளுக்கு என் நூலகத்தில் நல்ல கிராக்கி இருக்கிறது. பெண்ணைப் பின்தொடர்வான், பூட்டி வைப்பான், பழிவாங்கத் தாலி கட்டுவான், கடைசியில் காய்ச்சலில் விழுந்ததும் அவள் அவனை மன்னித்துவிடுவாள். இவற்றை விரும்பி வாசிப்பவர்களை இழிவாகப் பேசும் மதிப்புரைகளை நான் ஏற்பதில்லை. பகல் முழுதும் தறியிலும் அடுப்படியிலும் நிற்கும் ஒரு பெண், தன்னைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒருவனைக் கற்பனையில் விரும்புவது அவள் சொந்த விஷயம்.

ஆனால் நூல் அதை எப்படி நியாயப்படுத்துகிறது என்பது மதிப்புரையாளரின் விஷயம். பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பின்னும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம். அதற்கு முன் 2013இலிருந்து பழைய தண்டனைச் சட்டத்திலும் குற்றம். தொல்காப்பியரோ அதற்கும் முன்பே, மிகுந்த காமத்தால் வலிந்து கொள்வதை இருவரின் ஒத்த அன்பைச் சொல்லும் ஐந்திணைக்குள் சேர்க்காமல், பொருந்தாக் காமமான பெருந்திணைக்குத் தள்ளியிருக்கிறார். அதை எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அன்பின் பெயரில் எழுதாதே என்று வகை பிரித்தார். உங்கள் கேள்வியும் அதுவாகவே இருக்கட்டும்: இந்த நாவல் பெருந்திணையை எழுதிவிட்டு ஐந்திணை என்று பெயர் ஒட்டுகிறதா? நாயகியின் மனம் மாறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அவளுக்கு வெளியேறும் வழி ஒன்று இருந்ததா என்று பாருங்கள். கதவு திறந்திருந்தும் அவள் தங்கினால் அது ஒரு கதை. பூட்டிய அறையில் மனம் மாறினால், அதைக் காதல் என்று சொல்ல ஆசிரியர் இன்னும் நிறைய உழைத்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: இளையோர் நாவலை இளையோரிடம் கொடுத்துப் பாருங்கள்

இளையோர் நாவல் என்று பதிப்புலகில் பொதுவாகச் சொல்வது ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கெனத் தனியே பால சாகித்திய புரஸ்கார் வழங்கி வந்தாலும், அம்புலிமாமா வயதுக்கும் மாத நாவல் வயதுக்கும் நடுவே இருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் நூல்கள் குறைவு என்பது என் அலமாரியைப் பார்த்தாலே தெரியும். குறைவாக இருப்பதாலேயே வருவதையெல்லாம் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. பதினைந்து வயதில் ஒரு தமிழ் நாவலிடம் ஏமாந்த பிள்ளை ஆங்கில நாவலுக்குப் போய்விடும். திரும்பி வருவது அபூர்வம்.

இவ்வகையில் ஏமாற்றம் பெரும்பாலும் குரலில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவி பேசுவதாக எழுதப்பட்ட வரிகளில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருப்பார். அல்லது ஆசிரியர் அதற்குப் பயந்து, ஒவ்வொரு வரியிலும் "மச்சி", "செம", "வேற லெவல்" என்று தூவி வைத்திருப்பார். இரண்டையும் உங்கள் காதை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரு பக்கத்தை அந்த வயதுப் பிள்ளையிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே சிரிக்கிறது, எங்கே நெளிகிறது என்று கவனியுங்கள். சென்ற கோடையில் என் தங்கை மகளிடம் அப்படி ஒரு பக்கம் கொடுத்தேன். "பெரியம்மா, தோழிகள் இப்படியா பேசிக்குவாங்க? சண்டை போட்டா ஸ்டேட்டஸ் மறைப்போம், லெட்டர் எழுத மாட்டோம்" என்றாள். அந்த நூலுக்கு நான் எழுதிய மதிப்புரையின் மூன்றாம் பத்தி அவளுடையது. அவள் பெயரைப் போடச் சம்மதிக்கவில்லை.

வயதைப் பற்றிய ஒரு கேள்வியைத் தவற விடாதீர்கள். பள்ளி மாணவிக்கும் முப்பது வயது ஆணுக்கும் இடையிலான ஈர்ப்பை இனிமையாக்கிக் காட்டும் நாவல்கள் இன்றும் வருகின்றன. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. காமம் இன்னதென்று அறியாத இளமையோளிடம் ஒருவன் கொள்ளும் வேட்கையைத் தொல்காப்பியமும் கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம், என்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. அப்படி ஒரு கதை இளையோர் அலமாரிக்கு வந்தால், மதிப்புரையின் முதல் பத்தியிலேயே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும்படி சொல்லிவிடுங்கள். மர்மம் காக்கும் இடம் அதுவன்று.

ஒன்பதாம் படி: எழுதுங்கள்

முதல் வரியில் தீர்ப்பைச் சொல்லாதீர்கள். நூல் எதைச் செய்ய முயன்றது என்று சொல்லுங்கள். அடுத்து அது வென்ற இடம், பிறகு முறிந்த இடம், அதற்குப் பிறகே தீர்ப்பு. வென்ற இடத்தைச் சொல்வதை மரியாதைக்காக என்று எண்ண வேண்டாம். எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்று காட்டினால்தான் வீழ்ச்சியின் அளவு வாசகருக்குத் தெரியும்.

மேற்கோள் காட்டாமல் நடையைக் குறை சொல்லாதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், விமரிசனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் ஒரு நூலை எடுத்தாள இடம் தருகிறது. இரண்டு மூன்று வரிகள் போதும். மிக மோசமான வரியைத் தேடி எடுக்காமல், நூலின் சராசரி வரி எதுவோ அதை எடுப்பதே நேர்மை.

கதையின் முடிச்சை அவிழ்க்காமலும் முறிந்த இடத்தைக் காட்டலாம். என் நோட்டில் முதலில் நான் எழுதியது இது: "முதல் பாதி பரவாயில்லை. பிறகு ஒரே இழுவை. நேரம் வீண்." அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பிறகு திருத்தி எழுதியது இது:

"கடனில் இருக்கும் தோட்டத்தை மீட்க வரும் மகளும் அதை வாங்க நிற்கும் பக்கத்துத் தோட்டக்காரனும் கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்துச் சண்டையிடும் காட்சியில், அவர்கள் உணர்வதற்கு முன்பே காதலை நாம் கண்டுகொள்கிறோம். அந்த 60 பக்கங்களுக்காக இந்த நாவலை எடுக்கலாம். 110ஆம் பக்கத்தில் ஒரு ரகசியம் வெளிப்பட்டதும் இவர்களைப் பிரித்து வைக்கக் கதையிடம் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. மீதி 80 பக்கமும் நாயகி அழுகிறாள். தோட்டத்தின் கடன் என்ன ஆயிற்று என்று அவளும் கேட்கவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை."

ரகசியம் என்ன என்பது வெளியே வரவில்லை. வாசகருக்குத் தேவையானது வந்துவிட்டது. நட்சத்திரம் போடுவது உங்கள் விருப்பம். ஐந்துக்கு இரண்டா மூன்றா என்று அரை மணி நேரம் யோசிப்பதைவிட ஒரு வாக்கியத்தைத் திருத்துவது மேல் என்று நான் அதை விட்டுவிட்டேன்.

பத்தாம் படி: நூலைப் பேசுங்கள், ஆளைப் பேசாதீர்கள்

இதை நற்பண்பு என்றுதான் பலரும் சொல்வார்கள். சட்டமும் இதே கோட்டைக் கிழித்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, நூலை வெளியிடுகிறவர் அதை மக்களின் தீர்ப்புக்கு முன் வைக்கிறார் என்று ஏற்றுக்கொண்டு, நல்லெண்ணத்தோடு செய்யும் விமரிசனத்துக்கு விலக்கு அளித்தது. இன்று அது நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு சுவையானது. "இவருடைய நூல் அசட்டுத்தனமானது, ஆகவே இவர் பலவீனமான மனிதராகத்தான் இருக்க வேண்டும்" என்பது போலச் சொன்னால் விலக்கு உண்டு, ஏனென்றால் அந்தக் கருத்து நூலிலிருந்து பிறந்தது. "இவர் இப்படிப்பட்ட ஆள், அதனால் நூல் இப்படி இருப்பதில் எனக்கு வியப்பில்லை" என்ற பொருளில் சொன்னால் விலக்கு இல்லை. சட்டம் அனுமதிக்கும் முதல் வாக்கியத்தையும் நான் எழுத மாட்டேன். ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆசிரியரின் திருமணம், சாதி, முகம், எத்தனை நாவல் எழுதிக் குவித்தார் என்ற கணக்கு, எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

கடைசிப் படி: அதே நூலை வாசித்த ஒருவரிடம் காட்டுங்கள்

எழுதியதை வெளியிடும் முன், அந்த நாவலை வாசித்த இன்னொருவரிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். நூல் பிடித்துப்போனவராக இருந்தால் இன்னும் நல்லது. திருத்திய மதிப்புரையை நான் அந்தக் கொலுசுப் பட்டறைப் பெண்ணிடமே வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவள், முடிந்ததும், "எல்லாஞ் சரிதாங்க்கா. அந்தப் பாட்டிய விட்டுட்டீங்களே?" என்றாள்.

எந்தப் பாட்டி என்று நூலை எடுத்துப் புரட்டினேன். 140ஆம் பக்கம். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியிலிருந்து ஒரு சரத்தைப் பறித்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு, "இது அழற பொண்ணு பார்க்குற தோட்டம் இல்லடி" என்று நாயகியிடம் சொல்லும் கிழவி. ஒன்றரைப் பக்கம்தான் வருகிறாள். என் சீட்டில் அந்தப் பக்கத்துக்கு எதிரே ஒரு கோடு போட்டிருந்தேன். சலிப்பில் கண்ணை ஓட்டிக் கடந்திருக்கிறேன். கோட்டை அடித்துச் சுழி போட்டு, மதிப்புரையில் பாட்டிக்கு இரண்டு வரி சேர்த்தேன். அடுத்த வாரம் அந்த நாவலைக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் கேட்டது, "பாட்டி வர்ற புக்கு இருக்குதுங்களா?"